மானிட்டரைப் பார்த்துச் சிவந்த தேயிலை

"புதன். ஆலை நிறுத்தம். மூடுபனி, காலை பத்து வரை. பிரைட்னஸ் 100. கான்ட்ராஸ்ட் 95. காமா: உச்சம். ரெப்ரெஷ் ரேட் 85. பலன்: இருட்டு மூலையில் நிற்பவனின் பூட்ஸ் கயிறு வரை தெரிகிறது. இனி இதை யாரும் தொடக் கூடாது."

நீல அட்டை போட்ட என் நோட்டில், என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறேன். தப்பு செய்கிறவர்கள் பொதுவாகத் தடயத்தை அழிப்பார்கள். நான் தலைப்பு போட்டு, அடிக்கோடிட்டு, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். ஆகவே மறுப்பதற்கில்லை. தேயிலையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் தயாரிப்பு முறையையே மாற்றியவன் நான். அதையும் முழு நம்பிக்கையோடு செய்தேன்.

நீலகிரியில் தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த ஆண்டுகள் அவை. தொண்ணூறுகளின் கடைசியில் விழுந்தது; புதிய நூற்றாண்டு பிறந்த பிறகும் அப்படியேதான் கிடந்தது. குன்னூருக்குக் கீழே, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையில் என் அக்கா சுமதி ஆபீஸ் வேலையில் இருந்தாள். வாரம் ஆறு நாள் ஓடிக்கொண்டிருந்த ஆலை, திங்கள், வியாழன், வெள்ளி என்று மூன்று நாளாகச் சுருங்கியிருந்தது. ஊரே கவலைப்பட்டது. நான் மட்டும் மகிழ்ந்தேன். ஆலை நின்ற நாட்களில் ஆபீஸ் கம்ப்யூட்டர் சும்மா இருந்தது அல்லவா? சாவி அக்காவிடம் இருந்தது. "எக்ஸெல் கத்துக்கறேன்க்கா" என்று சொல்லி வாங்கிக்கொள்வேன். (கத்துக்கிட்டேனா என்று கேட்காதீர்கள்.)

உண்மையில் நான் கற்றது துப்பாக்கி விளையாட்டு. ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர், கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்துக்கொண்டு சுட்டுக்கொள்வது. ஊட்டியில் ஒரு பிரவுசிங் சென்டர் போட்டி அறிவித்திருந்தது. எங்கள் அணிக்கு நான்தான் தலைவன். நன்றாகச் சுடுவேன் என்பதற்காக அல்ல, நோட்டு வைத்திருந்தேன் என்பதற்காக.

என் சித்தாந்தம் இது: சுடத் தெரிந்தவன் ஜெயிப்பதில்லை, பார்க்கத் தெரிந்தவன்தான் ஜெயிக்கிறான். விளையாட்டில் ஒரு சுரங்கப்பாதை வரும். கும்மிருட்டு. அங்கே ஒளிந்திருப்பவன் நம்மைப் பார்ப்பான், நமக்கு அவன் தெரியமாட்டான். மானிட்டரின் ஒளியையும் காமாவையும் ஏற்றினால் இருட்டு வெளுத்துச் சாம்பல் நிறமாகும், ஆள் தெரிவான் என்று இணையத்தில் படித்து, பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். காமா என்பது, எளிமையாகச் சொன்னால், கருப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் இருப்பதையெல்லாம் வெளுப்பின் பக்கம் தள்ளிவிடும் ஒரு குமிழ். அது என் விளையாட்டை மட்டும் வெளுக்கும் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் தெரியும் சகலத்தையும் வெளுக்கும் என்பது அந்தப் பதினோரு பக்கங்களில் எட்டாவது பக்கத்தில் இருந்தது. ஏழாவது பக்கத்தில் எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டதால் நான் அதற்கு மேல் போகவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை மானிட்டரின் நெற்றியில் ஒரு சீட்டும் ஒட்டினேன்: "செட்டிங் செய்யப்பட்டுள்ளது. தொடாதீர்கள்."

மறுநாள் அக்கா வேலைக்குப் போய்விட்டு வந்து, "டேய், ஸ்கிரீன் என்னடா கண்ணைக் கூசுது?" என்றாள்.

"பின்னாடி எரியற பல்ப்க்கா" என்றேன். (எங்கள் ஊர் ஈரத்துக்குப் பயந்து, எல்லா ஆபீசிலும் மானிட்டருக்குப் பின்னால் ஒரு நாற்பது வாட்ஸ் பல்ப் எரிந்துகொண்டே இருக்கும்.) அக்கா நம்பினாள். அடுத்த நாள் பல்பை அணைத்தாள். இரண்டு நாளில் மானிட்டருக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை பிடித்தது. அது தனிக் கதை.

அதே வியாழக்கிழமைதான் ஆலை முதலாளி மாரப்பண்ணனுக்கு ஒரு மெயில் வந்திருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, விலை நன்றாக இருந்த காலத்தில் ஆலையை வாங்கி, வாங்கிய கையோடு சரிவைப் பார்த்தவர் அவர். ராஜஸ்தானில் ஒரு பொட்டலத் தேயிலை வியாபாரி நேரடியாக வாங்கிக்கொள்ள விருப்பம் தெரிவித்திருந்தார். முதலில் தூளின் படமும், பால் கலக்காமல் ஊற்றிய தேநீர்ச் சாயத்தின் படமும் மெயிலில் வேண்டும். பிடித்திருந்தால் அடுத்த பேச்சு. இந்த வியாபாரம் அமைந்தால் ஆலை மீண்டும் ஆறு நாள் ஓடும். அமையாவிட்டால் மூன்று நாள் இரண்டாகும், பிறகு பூட்டு.

ஸ்டூடியோக்காரரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி, வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை வரிசையாக வைத்து, சாயம் ஊற்றிப் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் திறந்தார்கள். மாரப்பண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தேவிட்டாராம்.

"ஏனுங்க டீமேக்கர், இதென்னுங்க கலரு? கோமியமாட்ட இருக்குது!"

டீமேக்கர் என்பது எங்கள் ஊர் ஆலைகளில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவரின் பதவிப் பெயர். எங்கள் டீமேக்கர் செல்வரத்தினம். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஐம்பத்து நான்கு வயது. அரைத்த இலையைப் பரப்பிக் காற்றில் எவ்வளவு நேரம் சிவக்க விடுவது, எப்போது உலர்த்தியில் போடுவது என்பதைக் கண்ணாலும் மூக்காலும் முடிவு செய்கிறவர். கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார்.

"முதலாளி, கோப்பையில சாயம் சரியாத்தானே நிக்குது" என்றார் அவர்.

"கோப்பைய அங்க அனுப்ப முடியுமுங்களா? அவன் பாக்கப்போறது இந்தப் படத்தத்தானுங்களே?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல். அடுத்து மாரப்பண்ணன் அக்காவிடம், "அம்மணி, உன்ற தம்பி கம்ப்யூட்டர்ல பெரிய ஆளுன்னியே, அவனக் கூப்புடு" என்றார்.

நான் நோட்டோடு போனேன்.

அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. வயது இருபது. மூன்று பெரியவர்கள் சுற்றி நின்று என் வாயைப் பார்க்கிறார்கள். திரையில் வெளுத்த கோப்பைகள். திரைக்கு இரண்டடி தள்ளி, மேஜைமேல், அதே கோப்பைகள், செக்கச்செவேலென்று. இரண்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வாரக்கணக்கில் விளையாடும்போதெல்லாம் அந்த வெளுப்பை ஏற்றி ஏற்றிப் பழகிய என் கண்ணுக்கு அதுதான் இயல்பான உலகம்.

"அண்ணா, கம்ப்யூட்டர் கூட்டியும் காட்டாதுங்க, குறைச்சும் காட்டாதுங்க. உள்ளத உள்ளபடி காட்டும்" என்றேன்.

செல்வரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என் கண்ணுலயா தம்பி கோளாறு?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் சொன்னேன்: "வயசானா கொஞ்சம் அப்படித்தானுங்க இருக்கும். செக் பண்ணிக்கறது நல்லது."

அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி வைத்தார்.

வெள்ளிக்கிழமை, வழக்கமாக ஒரு மணி நேரம் சொச்சம் சிவக்க விடும் இலையை இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக விட்டார்கள். படம் எடுத்தார்கள். திரையில் இன்னும் வெளுப்பு. "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றேன். (ஏதோ நானே இருபது வருஷம் உலர்த்தி பக்கத்தில் நின்ற மாதிரி.) திங்கட்கிழமை மூன்று மணி நேரம் விட்டார்கள். ஆலைக்குள் பழுத்து அழுகிய கொய்யா வாடை அடித்தது என்று அக்கா சொன்னாள். உலர்த்தியில் நின்ற ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். ஆனால் படத்தைத் திறந்தபோது திரையில் ஒரு அற்புதம். பொன்னும் செம்பும் கலந்த நிறத்தில், விளிம்பில் வளையம் மின்ன, கோப்பைகள் ஜொலித்தன.

"இதுதானுங்க டீ!" என்று மாரப்பண்ணன் தொடையில் தட்டினார். "அம்மணி, அனுப்பிப்போடு!"

அக்கா அனுப்பினாள். அடுத்த வியாழனும் வெள்ளியும் அதே முறைப்படி ஆலை ஓடியது. மாரப்பண்ணன் அக்காவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீமேக்கருக்குக் கண்ணு போச்சாட்ட இருக்குது. கோத்தகிரியில ஒருத்தன் இருக்கானாமா, ஆளு எப்படின்னு விசாரிக்கோணும்" என்றும் சொன்னார். டீமேக்கர் வேலை போனால் செல்வரத்தினம் குடியிருக்கும் ஆலைக் குவார்ட்டர்சும் போகும். அக்கா இதை வீட்டில் வந்து சொன்னபோது, நான் மவுசை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். "பாவம்க்கா" என்றேன். நோட்டில் அன்றைய பக்கத்தில் அது பற்றி ஒரு வரியும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஊட்டியில் போட்டி தொடங்கியது. எங்கள் முதல் ஆட்டம் பதினொன்றே காலுக்கு. எதிரணி, மலையாளம் கலந்து பேசும் கூடலூர்ப் பையன்கள். அவர்களில் ஒருவன் என் நோட்டைப் பார்த்து, "சேட்டா, பரீட்சைக்கு வந்ததாணோ?" என்று கேட்டான். நான் புன்னகைத்தேன். அறிவின்மையைக் கண்டால் நான் அப்படித்தான் புன்னகைப்பேன்.

பழகிக்கொள்ள எல்லோருக்கும் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் சுட்டுப் பழகினார்கள். நான் செட்டிங்கைத் திறந்தேன். ஒளி, கான்ட்ராஸ்ட், காமா எல்லாம் நோட்டின்படி ஏற்றினேன். கடைசியாக ரெப்ரெஷ் ரேட். திரை ஒரு வினாடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண் அது. ஆபீஸ் மானிட்டரில் 85 வைத்தேன். இங்கே பட்டியலில் 100 என்று ஒன்று இருந்தது. போட்டி நாள் அல்லவா? நூறையே வைத்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். திரை கருத்தது. கருப்பின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி, 'இந்த வேகம் என்னால் ஆகாது' என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்களோடு மிதந்து மிதந்து மூலைக்கு மூலை போனது. அந்தப் பழைய மானிட்டருக்கு நூறு தாங்காது. திரும்ப மாற்றலாம் என்றால் மாற்றுகிற இடம் தெரிந்தால்தானே? ஆட்டம் ஆரம்பமானது. என் அணி ஆட்கள் நான்கு பேரும் "டேய், சுரங்கத்துல யாருடா? சொல்லுடா!" என்று கத்துகிறார்கள். என் காதில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. நான் ஒரு கருப்புக் கண்ணாடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் தெரிந்தது என் முகம் மட்டும்தான்.

பார்க்கத் தெரிந்தவன் ஜெயிப்பான் என்ற சித்தாந்தம் பதினாறு நிமிடத்தில் முடிந்தது. கூடலூர்க்காரன் போகிற போக்கில், "நோட்டு நல்லா இருக்கு கேட்டோ" என்றான்.

அணி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தது. நொந்துபோய், நான் எதிலாவது வென்றிருக்கிறேன் என்று யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. சென்டர் ஓரத்தில் சும்மா இருந்த ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என் மெயிலைத் திறந்தேன். அக்கா ராஜஸ்தானுக்கு அனுப்பிய படத்தின் நகல் ஒன்று எனக்கும் வந்திருந்தது. "இத பாருடா, எங்க பேக்டரி டீ. கலர் செட்டிங் நம்மதுதான்" என்று போட்டி பார்க்க வந்து பக்கத்தில் நின்ற நண்பனிடம் சொல்லிக்கொண்டே திறந்தேன்.

வெள்ளைக் கோப்பைகளில் தார்.

வர்ணனைக்காகச் சொல்லவில்லை. சாலை போடும் இடத்தில் டிரம்மில் கொதிக்குமே, அதே கருப்பு. வளையமும் இல்லை, மினுமினுப்பும் இல்லை.

"டீன்னு சொன்னே?" என்றான் நண்பன்.

நான் பக்கத்துக் கம்ப்யூட்டரில் திறந்தேன். தார். அடுத்ததில் திறந்தேன். தார். நான்கு கம்ப்யூட்டர்களில் பார்த்துவிட்டேன். எட்டாவது பக்கம் மெதுவாக எனக்குள் தானே திறந்துகொண்டது. கோமியம் இல்லை அது. டீமேக்கர் கண்ணில் கோளாறும் இல்லை. வெளுப்பு முழுவதும் நான் ஏற்றி வைத்த வெளுப்பு. அந்த வெளுப்பை ஈடுகட்ட நான்கு நாள் ஓட்டத்துத் தேயிலையைக் கருக வைத்திருக்கிறோம். அதைப் படமும் எடுத்து வாங்குகிறவருக்கே அனுப்பியிருக்கிறோம்.

குன்னூர் பஸ்சில் வரும்போது, மழுப்புவதற்கு ஆறு வழிகள் யோசித்தேன். மின்சாரம் ஏறி இறங்கியது, வைரஸ், பல்ப் என்று எல்லாம் இருந்தது. வீட்டில் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஆறும் மறந்தது. சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "நாளைக்குக் காலைல நீயே வந்து அவருகிட்ட சொல்றே" என்றாள். திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் செல்வரத்தினம் வெளியூர் போகிற சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தார். நான் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். காமா, சுரங்கப்பாதை, எட்டாவது பக்கம், எல்லாம். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. புரிய வேண்டியது மட்டும் புரிந்தது.

"அப்ப என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லைங்க."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். "கண்ணு டாக்டரும் இதத்தான் சொன்னாரு தம்பி. ஒரு கோளாறும் இல்ல, போயிட்டு வாங்கன்னாரு. நான்தான் நம்பல. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னீங்களே. இன்னைக்கு லீவு போட்டு, கோயமுத்தூர்ல பெரிய டாக்டரப் பாக்கத்தான் பொறப்பட்டேன்."

உள்ளே போய் மாரப்பண்ணனிடமும் அதையே ஒப்பித்தேன்.

மாரப்பண்ணன் நம்பவில்லை. நான் செட்டிங்கைப் பழையபடி இறக்கிக் காட்டினேன். பொன்னும் செம்பும் கண்ணெதிரே தாராக மாறின. அவர் மானிட்டரின் பின்பக்கம் போய்க்கூடப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்டா கண்ணு, நீ சுடறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா? என்ற பேக்டரிதான் கெடைச்சுதா?"

செல்வரத்தினம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்த நான்கு ஓட்டத்துத் தூளிலும் ஒவ்வொரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வரிசையாக வைத்தார்.

"குடிங்க தம்பி."

"எல்லாத்தையுமா?"

"உங்க மானிட்டர் போட்ட தேத்தண்ணி. நீங்க குடிக்காம வேற யாரு குடிக்கறது?"

நான்கையும் குடித்தேன். முதல் கோப்பையின் ருசியைச் சொல்ல வேண்டுமென்றால், நனைந்த சாக்கைத் துண்டு போட்டு வேகவைத்த தண்ணீர். மற்ற மூன்றும் அதைவிட மோசம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். மாரப்பண்ணனுக்கும் மீசைக்கடியில் லேசாகச் சிரிப்பு வந்தது. கோத்தகிரி ஆளைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அன்றைய இலையைச் செல்வரத்தினம் தன் கண்ணுக்கும் மூக்குக்கும் சரியென்று பட்ட நேரம்தான் சிவக்க விட்டார். அந்தத் தூளை ஒரு டப்பாவில் அடைத்து மறுநாளே கூரியரில் அனுப்புவது என்று முடிவானது. படம் தப்பு என்று எழுதலாமா என்று அக்கா கேட்டாள். "அட வேண்டாம் அம்மணி. தப்புன்னு எழுதுனா டீயையே சந்தேகப்படுவான்" என்றார் மாரப்பண்ணன். செல்வரத்தினம் ஒத்துக்கொள்ளவில்லை. "படத்தை விட்டுருங்க, ஊத்திப் பாருங்க" என்று மட்டும் எழுதி வைக்கச் சொன்னார். அக்கா அதை ஆங்கிலத்தில் எழுதி டப்பாவுக்குள் போட்டாள். ஆபீஸ் சாவி அன்றிலிருந்து என் கைக்கு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் இதன் பலனை நான் இன்றும் அனுபவிக்கிறேன். அக்கா மகளுக்கு வரன் பார்த்தபோது போனில் ஒரு படம் வந்தது. "பையன் நல்ல நிறமா இருக்கானே" என்றேன். மருமகள் உடனே, "உங்க மானிட்டர்லயா மாமா, எங்க மானிட்டர்லயா?" என்றாள். வீட்டில் எதையாவது நான் அழுத்திச் சொன்னால் போதும், என் மனைவி சமையலறையிலிருந்து "செட்டிங் பாத்தாச்சா?" என்று குரல் கொடுப்பாள். அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னது நான் இல்லை. கல்யாணத்துக்கு வந்த செல்வரத்தினம், பந்தியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தேதி கிழமையோடு சொல்லிவிட்டுப் போனார்.

கூரியர் போன பதினெட்டாம் நாள் ராஜஸ்தானிலிருந்து மூன்றே வரியில் ஒரு கடிதம் வந்தது. "சாம்பிள் கிடைத்தது. மெயிலில் அனுப்பிய படத்தில் எப்படி இருந்ததோ, துளி மாறாமல் அப்படியே இருக்கிறது. முதல் லாரி அனுப்பவும்." ஆலை ஆறு நாள் ஓடவில்லை. ஐந்து நாள் ஓடியது. செல்வரத்தினம் ஓய்வு பெறும்வரை அதே குவார்ட்டர்சில்தான் இருந்தார்.

மெயிலில் போனது தார். கூரியரில் போனது செம்மையான சாயம். இரண்டும் துளி மாறாமல் ஒன்றாக இருக்க வழியில்லை. அவர் படத்தைத் திறக்கவே இல்லை என்பது அக்காவின் கட்சி. படத்தைப் பார்த்துவிட்டும் மரியாதைக்காக அப்படி எழுதினார் என்பது மாரப்பண்ணன் கட்சி. அங்கேயும் யாரோ ஒருவன் மானிட்டரில் காமாவை உச்சத்தில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான் என்பது என் கட்சி. விசாரித்து நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. எனவே இது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.